ஒன்டாரியோவில் முதல் குளிர்காலம்: ஃபர்னஸ் ஏன் நிற்கிறது, எதைத் தொடலாம்?

நவம்பர் பிறந்தால் போதும், "ஃபர்னஸ் ஓடவில்லை, என்ன செய்வது?" என்று புதிதாக வந்தவர்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். கேஸை எரித்து வீடு முழுக்கச் சூடான காற்று அனுப்பும் இயந்திரம்தான் ஃபர்னஸ். ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் பக்கம் தனி வீடோ டவுன்ஹவுஸோ எடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அபார்ட்மென்டில் இருப்பவர்களுக்குக் கடைசிப் பத்தி போதும்.

ஃபர்னஸ் நின்றால் உடனே கெட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பல நேரம் உள்ளே இருக்கும் ஏதாவது ஒரு பாதுகாப்பு சுவிட்ச்தான் கேஸை நிறுத்தியிருக்கும். ஊரில் மோட்டார் அடிக்கடி கட்டானால் எலக்ட்ரீஷியன் வந்து, "டைரக்டா கொடுத்துட்டேன் சார், இனிமே தொந்தரவு இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போவார். இங்கே அந்த வேலையே கூடாது. ஃபர்னஸில் ஒரு சுவிட்சைத் தாண்டி ஒயரை டைரக்டாக இணைத்தால், வெளியே போக வேண்டிய கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு படுக்கையறைக்கு வரலாம்.

ஃபர்னஸ் எப்படிப் பற்றுகிறது என்று ஒருமுறை நின்று பாருங்கள். தெர்மோஸ்டாட்டை (சுவரில் சூட்டின் அளவை வைக்கும் கருவி) இரண்டு டிகிரி ஏற்றிவிட்டு பேஸ்மென்டுக்குப் போங்கள். பல ஃபர்னஸ்களில் கதவில் ஒரு சின்னக் கண்ணாடித் துளை இருக்கும். முதலில் 'டிக்' என்று ரிலே சத்தம். அடுத்து இன்டியூசர் என்ற சின்ன விசிறி உறுமும். எரிந்த புகையை வெளியே தள்ளுவது அதுதான். அது உண்மையிலேயே இழுக்கிறதா என்று பிரஷர் சுவிட்ச் சோதிக்கும். இழுவை இருந்தால்தான் தீ மூட்டும் இக்னைட்டருக்குக் கரண்ட் போகும். அது ஆரஞ்சு நிறத்தில் பழுக்கும். பிறகு கேஸ் வால்வ் திறக்க, நீலத் தீ ஒரு பர்னரிலிருந்து அடுத்ததற்கு வரிசையாகத் தாவும். வரிசையின் மறுகோடியில் பென்சிலைவிட மெல்லிய ஒரு கம்பி தீக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் பெயர் ஃப்ளேம் சென்சார். தீ வழியாகச் சில மைக்ரோஆம்ப் கரண்ட் பாய்கிறதா என்று ஃபர்னஸின் கன்ட்ரோல் போர்டு பார்க்கும். சில விநாடிக்குள் அது கிடைக்காவிட்டால் கேஸ் மூடிவிடும். சில தடவை முயன்றுவிட்டு, இனி முயலாமல் நிற்கும் லாக்அவுட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். எல்லாம் சரியாக இருந்தால், கொஞ்ச நேரத்தில் பெரிய புளோயர் ஓடிச் சூடான காற்று மேலே வரும்.

இந்த வரிசை மனதில் இருந்தால் பாதி நோய் தெரிந்த மாதிரி. தீ பற்றி மூன்று நான்கு விநாடியில் அணைந்து, திரும்பப் பற்றி, திரும்ப அணைந்தால் பெரும்பாலும் சென்சார் கம்பியில் படலம் படிந்திருக்கும். டெக்னீசியனுக்கு அது சில நிமிட வேலை. இன்டியூசர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்து இக்னைட்டர் பழுக்கவில்லை என்றால் வெளியே போய்ச் சுவரில் நீட்டியிருக்கும் வெள்ளை பிவிசி குழாய்களைப் பாருங்கள். பனி மூடியிருந்தால் கையால் விலக்குங்கள்; மண்வெட்டியால் தட்டினால் குழாய் உடையும். ஃபர்னஸிலிருந்து தண்ணீர் வடியும் ட்யூப் அடைத்திருந்தாலும் இதே அறிகுறிதான். நன்றாக எரிந்துகொண்டிருந்தது சில நிமிடத்தில் தீ மட்டும் அணைந்து புளோயர் ஓடினால், ஹை லிமிட் சுவிட்ச் சூடு தாங்காமல் வெட்டியிருக்கிறது. காற்று ஃபில்டரை வெளியே எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதில் அடைத்த தூசிதான் காரணமாக இருக்கும். கூடவே, செலவு மிச்சம் என்று அறைகளின் வென்ட்டை எல்லாம் மூடி வைக்காதீர்கள். ஃபில்டரின் அளவு அதன் ஃப்ரேமிலேயே 16x25x1 (அங்குலம்) என்பதுபோல அச்சடித்திருக்கும். அம்புக்குறி ஃபர்னஸைப் பார்த்து இருக்க வேண்டும்.

ரோல்அவுட் சுவிட்ச் வேறு சங்கதி. தீ பர்னரை விட்டு வெளியே புரண்டு வந்தால்தான் அது வெட்டும். நடுவில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அழுத்தினால் ஓடவும் ஓடும். அழுத்தாதீர்கள். புகைவழி அடைத்திருக்கலாம், தீயின் சூட்டைக் காற்றுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் விட்டிருக்கலாம்.

எதுவுமே அசையவில்லையா? ஃபர்னஸ் பக்கத்திலோ மாடிப்படி மேலேயோ லைட் சுவிட்ச் மாதிரியே ஒன்று இருக்கும். பல வீடுகளில் சிவப்பு மூடி போட்டிருப்பார்கள். லைட் என்று நினைத்து யாராவது அணைத்திருப்பார்கள். அப்புறம் எலக்ட்ரிக் பேனலில் பிரேக்கர், தெர்மோஸ்டாட் பேட்டரி இரண்டையும் பாருங்கள். ஃபில்டர் மாற்றிய கையோடு நின்றிருந்தால் கதவைப் பாருங்கள்: அதன் பின்னால் ஒரு டோர் சுவிட்ச் உண்டு, கதவு சரியாக உட்காராவிட்டால் உயிரே வராது. போர்டில் ஒரு சின்ன விளக்கு கண் சிமிட்டும். எத்தனை சிமிட்டுக்கு என்ன பழுது என்ற அட்டவணை பெரும்பாலும் கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும். அதைப் போட்டோ எடுத்து டெக்னீசியனுக்கு அனுப்புங்கள்.

ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் தாங்களே மாட்ட நினைப்பவர்கள் முதலில் லைட் சுவிட்ச் மாதிரி இருக்கும் அந்த ஃபர்னஸ் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். தெர்மோஸ்டாட்டுக்கு வருவது 24 வோல்ட் ஒயர்தான், ஷாக் பயமில்லை. ஆனால் கரண்ட் வரும் R ஒயர், அது திரும்பும் C ஒயரில் உரசினால் போர்டில் இருக்கும் 3 அல்லது 5 ஆம்ப் ஃபியூஸ் போய்விடும். கார்களில் வரும் அதே வகை ஃபியூஸ்.

ஃபர்னஸுக்குக் கரண்ட் வரும் 120 வோல்ட் பக்கம் கை வைக்க வேண்டாம் என்பதற்கு நமக்கென்றே ஒரு காரணம் இருக்கிறது. இந்திய வயரிங்கில் கறுப்பு நியூட்ரல். இலங்கையில் பழைய வயரிங்கிலும் அப்படித்தான். இங்கே கறுப்பில்தான் கரண்ட் வரும், வெள்ளை நியூட்ரல். பழக்கதோஷத்தில் கறுப்பைத் தொட்டால் அடிக்கும். இரண்டையும் மாற்றிக் கொடுத்தாலோ எர்த் சரியில்லாவிட்டாலோ தீ எரிந்தும் பல ஃபர்னஸ்களின் போர்டுக்கு அது தெரியாது.

கேஸ் வேலைக்கு டிஎஸ்எஸ்ஏ (ஒன்டாரியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) பதிவு பெற்ற கம்பெனியையே கூப்பிடுங்கள். வருபவரிடம் லைசென்ஸ் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஜி2 கேஸ் டெக்னீசியன் லைசென்ஸ் இருந்தால் வீட்டு ஃபர்னஸுக்குத் தாராளம் (கார் ஓட்டும் ஜி2 அல்ல). "உங்க ஃபர்னஸ் பழசு, மாற்றணும்" என்று கதவைத் தட்டி வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நாம் அழைக்காமல் வீட்டு வாசலில் ஃபர்னஸ் விற்பது 2018 மார்ச் முதல் ஒன்டாரியோவில் தடை.

அழுகிய முட்டை வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியேறி, தெருவில் நின்று 911 அழையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. அதனால் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் அலாரம் சட்டப்படி இருந்தாக வேண்டும். வாடகை வீட்டில் அதை மாட்டுவது வீட்டுக்காரர் பொறுப்பு.

அபார்ட்மென்ட்காரர்களுக்கு: சுவரோரம் நீளமான எலக்ட்ரிக் பேஸ்போர்டு ஹீட்டர் இருந்தால் அதன் தெர்மோஸ்டாட்டில் பெரும்பாலும் 240 வோல்ட் ஓடும், ஃபர்னஸுக்கான ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டை அங்கே மாட்டவே கூடாது. டொரொன்டோவில் குளிர் மாதங்களில் வாடகை வீட்டில் குறைந்தது 21 டிகிரி சூடு கிடைக்க வேண்டும். பேஸ்மென்டில் குடியிருப்பவர்களுக்கும் இது உண்டு. முதலில் வீட்டுக்காரருக்கு எழுத்தில் சொல்லுங்கள், மெசேஜ் போதும். அவர் அசையவில்லை என்றால் நகராட்சியின் 311 எண்ணுக்கு அழையுங்கள்.