கேம் டிஸ்க்கில் இருக்கிறது, பாட்டுப் பட்டியலில் இல்லை: அப்படி ஒரு பாட்டை யாராவது கண்டிருக்கிறீர்களா?

உவர்மலை_ஐந்துவிரல்:

கிட்டார் ஹீரோ முதல் பாகம், பிஎஸ்2. தெரியாத ஆட்களுக்கு: பாட்டு ஓடும்போது ஐந்து கோடுகளில் இறங்கும் நிறப் புள்ளிகளைப் பார்த்துப் பொத்தான் அடிக்கும் கேம். திருகோணமலை அநுராதபுரச் சந்திப் பக்கம் அப்போது இருந்த கேம் கடையில், கோட் போட்டு கேமை மாற்ற உதவும் கோட்பிரேக்கர் டிஸ்க்கை ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுத்தேன். கடைக்கு வரும் பெடியன் ஒருவன் கொப்பித் தாளில் எழுதித் தந்த கோட் கையில் இருந்தது. 'கிரேவ்யார்ட் ஷிஃப்ட்' என்ற பாட்டு. கேமுக்குள் எவ்வளவு காசு சேர்த்தாலும் வாங்க முடியாது. கோட் போட்டால்தான் ஓடும்.

எங்கள் வீட்டு டிவி பழையது, பால் (PAL) என்ற வீடியோ முறையை மட்டும் எடுக்கும். அமெரிக்கப் பக்கத்து என்டிஎஸ்சி (NTSC) முறை டிஸ்க் போட்டால் படம் கறுப்பு வெள்ளை. பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு ஐந்தும் சாம்பல் நிறத்தில் இறங்கும். கிட்டாரும் இல்லை, சாதாரண கன்ட்ரோலர்: எல்2, எல்1, ஆர்1, ஆர்2, எக்ஸ். ஐந்து கோடுகளில் எதில் வருகிறது என்பதை மட்டும் பார்த்து அடித்தேன். யாரோ உட்கார்ந்து செய்து, பிறகு யாருக்கும் காட்டாமல் விட்ட ஒன்று என் விரலுக்குள் வந்துகொண்டிருந்தது. "அண்ணா, ஓடி வா!" என்று கத்தினேன். அவன் கிணற்றடியிலிருந்து வருவதற்குள் கரண்ட் போய்விட்டது.

விடிந்ததும் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அண்ணா இப்போது கனடாவில். அந்தப் பாட்டின் வீடியோவைத் தேடி எடுத்து அனுப்பினேன். "பாட்டு இருக்குது, சரி. அண்டைக்கு எங்கட வீட்டில ஓடினதை ஆர் கண்டது?" என்று எழுதினான். நான் கண்டேன்.

கிண்ணியா_தாளம்:

நான் விளையாடவில்லை, உள்ளே பார்த்தேன். 2022, மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டிய நாட்கள். லாப்டொப்பில் மிஞ்சிய சார்ஜில் அதே கேமின் ஆர்க் கோப்பை, அதாவது கேமின் கோப்புகளைக் கட்டி வைத்த பொதியை, விரித்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு மிடி கோப்பு: அதில் சத்தம் இல்லை, எந்த நேரத்தில் எந்தச் சுரம் என்ற எண்கள் மட்டும். விளையாட்டின் நான்கு கடின நிலைகளுக்கும் தனித்தனி எண்கள்: ஈஸிக்கு 60 முதல் 64 வரை, மீடியத்துக்கு 72 முதல் 76, ஹார்டுக்கு 84 முதல் 88, எக்ஸ்பர்ட்டுக்கு 96 முதல் 100. ஐந்து பொத்தானுக்கு ஐந்து எண்.

திரையில் அது நான்கு தட்டாகத் தெரியும். மேல்தட்டில் புள்ளிகள் நெருக்கம், கீழே வர வர ஐதாகிவிடும். எந்தப் புள்ளியை எடுத்தால் பாட்டு தாங்கும், எதை எடுத்தால் குலைந்துபோகும் என்று ஒரு ஆள் இருந்து பார்த்திருக்கிறார். அதற்கு முன் அப்படி நான் யோசித்ததே இல்லை. உம்மா கதவடியில் வந்து நின்று, "இருட்டுக்குள்ள என்னத்தப் பாக்கிறாய்?" என்றா. "பாட்டு" என்றேன். "சத்தத்தக் காணோமே" என்றா.

டொக்யார்ட்_பழசு:

மேலே இரண்டு பேரும் சொன்னது சரி, ஆனால் தலைப்பைப் பார்த்துவிட்டு ஆட்கள் எல்லாவற்றையும் இதற்குள் கொண்டுவரப் போகிறார்கள். இப்போதே சொல்லிவிடுகிறேன். பூட்டி வைத்தது வேறு, வெட்டி விட்டது வேறு. 2005இல் வந்த அந்தக் கேமில் 30 பாட்டு முதன்மைப் பட்டியலில், 17 பாட்டு கேமுக்குள் இருக்கும் கடையில். அந்த 17ஐயும் 'மறைத்து வைத்த பாட்டு' என்று சொல்கிற ஆட்கள் உண்டு. அவை பரிசு. விளையாடினால் கிடைக்கும். நாம் பேசுவது 47க்கு வெளியே உள்ளதை.

ஏன் அழிக்காமல் விடுகிறார்கள் என்றும் கேட்பார்கள். கடைசி நேரத்தில் ஒரு கோப்பை எடுத்தால் மற்றக் கோப்புகளின் இடம் மாறலாம், எல்லாவற்றையும் திரும்பச் சோதிக்க வேண்டும். பட்டியலில் பெயரை மட்டும் எடுத்துவிடுவது பயமில்லாத வேலை.

தம்பி உவர்மலை, இனிமேல் கோட் போடுவதாக இருந்தால் முதலில் விளையாட்டைச் சேமிக்கும் மெமரி கார்டைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். கோட் என்பது மெமரியில் ஒரு இடத்தில் ஒரு எண்ணை எழுதுவதுதான். அமெரிக்கப் பதிப்புக்கு எழுதியதை ஐரோப்பியப் பதிப்பில் போட்டால் வேறு எதிலோ போய் விழும். புது எல்சிடி டிவியில் ஓட்டினால் படம் பிந்தி வரும், கேம் மோடில் போடுங்கள். எமுலேட்டர் (கம்ப்யூட்டரில் பிஎஸ்2 போல ஓடும் மென்பொருள்) என்றால் சொந்த டிஸ்க்கிலிருந்து எடுத்த கோப்பையே பாவியுங்கள்.

என் கதை சின்னது. தவறான கோட் போட்டு தங்கச்சியின் சேவ் முழுவதும் போனது. அவ எல்லாப் பாட்டையும் முடித்து வைத்திருந்தா. அன்றைக்குப் பிறகு அவ கன்ட்ரோலரைத் தொடவில்லை.

கோயிலடி_தவில்:

நான் மறுபக்கத்து ஆள். வெட்டியவன்.

நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து போனுக்கு ஒரு தாள கேம் செய்தோம். பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் நான் பதிந்த தவிலை ஏழாவது பாட்டாக வைத்தோம். எங்கள் கேம் ஒரே வேகத்தைத்தான் எண்ணும்: நிமிடத்துக்கு 120 என்றால் அரை செக்கனுக்கு ஒரு அடி. தவிலோ சாமி வெளியே வர வர ஏறிக்கொண்டே போகும். தொடக்கத்தில் சரியாக விழுந்த அடி, முடிவில் ஒன்றுமே பொருந்தவில்லை. சோதித்த எல்லாரும் "பிழை, பிழை" என்றார்கள். வாசித்தவரில் ஒரு பிழையும் இல்லை. பட்டியலில் இருந்து எடுத்துவிட்டேன்.

ஆனால் நாங்கள் கேம் செய்த யூனிட்டி என்ற மென்பொருளில் ரிசோர்சஸ் ஃபோல்டருக்குள் கிடப்பது எல்லாம் கேமோடு சேர்ந்தே போகும். நான் அதை மறந்துவிட்டேன். ஒரு வருடம் கழித்து முன்பின் தெரியாத ஒரு பிள்ளை எழுதியது: "அங்கிள், 07 என்று ஒரு பாட்டு உள்ளே கிடக்குது. அதை மட்டும் ஏன் விளையாட விடவில்லை?" அந்த மெயிலுக்கு இன்னும் பதில் போடவில்லை.

கிண்ணியா_தாளம்:

அண்ணா, வேகம் ஏறுவது தடை இல்லை. மிடியில் வேகத்துக்கென்று தனிக் குறிப்பு இருக்கிறது, எந்த அடியிலும் மாற்றலாம். தவிலைக் கேட்டுக் கேட்டு அடிக்கு அடி போட வேண்டும், நாள் எடுக்கும். நான் செய்கிறேன். அந்த 07ஐ எனக்கு அனுப்புங்கள். பிள்ளைக்கும் இன்றைக்கே ஒரு வரி எழுதிவிடுங்கள்.