ஜோடி சேர்ந்துவிட்டது, சத்தம்தான் வரவில்லை: கையடக்கக் கணினியில் ப்ளூடூத் ஹெட்செட் அனுபவங்கள்

அப்பாவுக்குக் கண் பார்வை மங்கத் தொடங்கியபோது என் பழைய பாக்கெட் பிசியை அவரிடம் கொடுத்தேன். விண்டோஸ் மொபைல் 2003 ஓடும் கையடக்கக் கணினி. முன்பக்கத்தில் நான்கு பொத்தான்கள், நடுவில் ஒரு திசைப் பொத்தான். இரண்டே வாரத்தில் அவர் விரல் பழகிவிட்டது. முதல் பொத்தான் கதையை ஓட்டும், நான்காவது நிறுத்தும், நடுப்பொத்தான் முன்னும் பின்னும் நகர்த்தும். மெமரி கார்டு நிறைய வாசித்துப் பதிந்த கதைகள். தொடுதிரை போனில் எது எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. அதனால்தான் இந்தப் பழைய கருவியை விட மனமில்லை.

சிக்கல் ஒயரில் தொடங்கியது. இயர்போன் ஒயர் கட்டில் சட்டத்தில் மாட்டிக்கொண்டு இழுத்ததில் கருவி இரண்டு முறை கீழே விழுந்தது. ஜாக் ஆடிப்போய் முதலில் ஒரு காதில் மட்டும் கேட்டது, அப்புறம் அதுவும் நின்றது. கருவியில்தான் ப்ளூடூத் இருக்கிறதே, ஒயர் இல்லாத ஹெட்செட் ஒன்றை மாட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். வீட்டில் போனுக்காக வைத்திருந்த ஒற்றைக் காது ஹெட்செட் சும்மாதான் கிடந்தது.

முதல் நாள் தேடலில் ஹெட்செட் தென்படவே இல்லை. அதை இயக்கினால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். இயக்குவது வேறு, ஜோடி சேரும் நிலைக்குக் கொண்டுபோவது வேறு. விளக்கு எரிந்த பிறகும் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்; சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னும்போதுதான் மற்ற கருவிகளின் கண்ணுக்கு அது தெரியும். இன்னொன்றும் அன்றைக்குத்தான் புரிந்தது. இயக்கியவுடனே அது பக்கத்து அறையில் இருந்த தம்பியின் போனைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படி ஒட்டியிருக்கும் வரை இந்தத் தேடலில் அது வராது. தம்பி போனில் ப்ளூடூத்தை அணைத்த பிறகு வந்தது. 0000 என்று நான்கு சுழியம் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டது. திரையில் ஹெட்செட் படமும் வந்துவிட்டது.

கதையை ஓட்டினேன். சத்தம் கருவியின் முதுகிலிருந்த ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

அன்று இரவு எத்தனை முறை அழித்து அழித்து இணைத்தேன் என்று கணக்கில்லை. காரணம் புரிய இரண்டு நாள் ஆனது. ஜோடி சேர்வது என்பது இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு ஒரு ரகசியச் சாவியைப் பகிர்ந்துகொள்வது, அவ்வளவுதான். ஒலி போகுமா என்பது ப்ரொஃபைல் என்று சொல்கிறார்களே, எந்த வேலைக்கு எப்படிப் பேசிக்கொள்வது என்ற ஒப்பந்தம், அதைப் பொறுத்தது. என் ஹெட்செட்டுக்குத் தெரிந்தது தொலைபேசிப் பேச்சுக்கான ப்ரொஃபைல் மட்டும். எதிர்முனையில் ஒரு போன் இருந்து, அழைப்பு வந்து, அது குரல் வழியைத் திறந்தால்தான் அதில் சத்தம் வரும். என் கருவியில் போனே கிடையாது. அதனால் குரல் வழியைத் திறக்கும் வேலையை யாரும் செய்யவில்லை. இரண்டும் கைகுலுக்கிவிட்டு, யார் முதலில் பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தன.

கருவியில் ஓடும் எல்லா ஒலியையும் வலுக்கட்டாயமாக அந்தக் குரல் வழிக்குள் திருப்பிவிடும் சிறு நிரல்கள் அந்தக் காலத்திலேயே இருந்தன. ஒன்றைப் பிடித்து நிறுவினேன். காதில் ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம், உடனே கதை சொல்பவரின் குரல்! அப்பாவின் காதில் மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “யாரோ போன்ல கதை சொல்ற மாதிரி இருக்குடா” என்றார். அவர் சொன்னது மிகச் சரி. அந்த வழியில் ஒலியை அளந்தெடுத்த மாதிரிகள் விநாடிக்கு 8000-தான் போகும், அதுவும் ஒற்றைத் தடத்தில். லேண்ட்லைன் போனின் தரம்தான் அது. பேச்சுக்கு அது தாராளமாகப் போதும். பாட்டுக்குப் போதாது.

அப்பாவுக்குப் பாட்டும் வேண்டும். அதற்கு ஏ2டிபி என்ற ஸ்டீரியோ ப்ரொஃபைல் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். பிந்தைய விண்டோஸ் மொபைல் 5 கருவிகளில் அது இயங்குதளத்தோடு சேர்ந்தே வந்தது. என்னுடையது அதற்கும் முந்தியது. நல்ல காலமாக, கருவியின் ப்ளூடூத் மென்பொருளுக்கு ஒரு புதுப்பிப்பு கிடைத்தது, அதில் ஏ2டிபி இருந்தது. இரண்டு காதுக்குமான ஹெட்செட் ஒன்றை வாங்கி இணைத்தேன். பாட்டு அருமையாக வந்தது, ஆனால் நிமிடத்துக்கு நாலு தடவை விக்கியது. முதலில் ஹெட்செட் மேல் சந்தேகப்பட்டேன். பிறகு யோசித்தால், என் கருவியின் 400 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. எம்பி3-யைப் பிரிக்கிறது, பிரித்ததை எஸ்பிசி என்ற ப்ளூடூத் வடிவத்தில் மறுபடி சுருக்குகிறது. அதற்கு மூச்சு வாங்குகிறது. மென்பொருளின் உள் அமைப்புகளில் பிட்பூல் என்று ஓர் எண் உண்டு; ஒலியை எவ்வளவு சுருக்குவது என்று அதுதான் தீர்மானிக்கும். உயர் தரத்துக்குப் பரிந்துரைக்கப்படும் 53-ல் விநாடிக்குச் சுமார் 328 கிலோபிட் போகும். 35 ஆக்கினால் 229 கிலோபிட். 35 ஆக்கினேன், விக்கல் நின்றது. என் காதுக்கும் அப்பாவின் காதுக்கும் எந்த வேறுபாடும் தெரியவில்லை.

எல்லாம் முடிந்தது என்று ஊருக்குப் போய்விட்டேன். நாலாம் நாள் அம்மா அழைத்தார். எதுவுமே வேலை செய்யவில்லையாம், பொத்தான்கூட வேறு எதையோ திறக்கிறதாம். சார்ஜ் போட மறந்துவிட்டார்கள். விண்டோஸ் மொபைல் 2003 வரை இந்தக் கருவிகள் நிறுவிய நிரல்களையும் அமைப்புகளையும் ராம் நினைவகத்தில்தான் வைத்திருக்கும். பேட்டரி அடியோடு இறங்கினால் எல்லாம் துடைத்து எடுத்ததுபோல் போய்விடும். இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அதன் ப்ளூடூத் பின்விளைவு தெரியாது. கருவி சாவியை மறந்துவிட்டது, ஹெட்செட் மறக்கவில்லை. திரும்ப இணைக்கப் போனால் ஹெட்செட் பழைய சாவியையே கேட்டு மறுக்கிறது, கருவியோ வெறுமனே “இணைக்க முடியவில்லை” என்கிறது. ஹெட்செட்டின் நினைவையும் அழித்தால்தான் வழி திறக்கும். என்னுடையதில் ஒலி கூட்டும், குறைக்கும் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து விளக்கு மூன்று முறை மின்னும் வரை அழுத்த வேண்டும். தொலைபேசியில் அம்மாவுக்கு இதைச் சொல்லிச் செய்ய வைக்க ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் அப்பா பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தார் என்று அம்மா பிறகு சொன்னார்.

இப்போது நிறுவும் கோப்புகள் எல்லாவற்றையும் மெமரி கார்டில் வைத்திருக்கிறேன். கார்டில் இருப்பது பேட்டரி போனாலும் போகாது. கருவி எப்போதும் சார்ஜ் தொட்டிலில்தான் தூங்குகிறது.

உங்களில் யாருக்காவது இப்படி ஹெட்செட்டோடு மல்லுக்கட்டிய அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

* * *

வணக்கம் நண்பரே. உங்கள் பதிவைப் படித்ததும் எங்கள் கிடங்கு ஞாபகம் வந்தது. எங்களுக்கும் கையடக்கக் கணினிதான், ஆனால் பார்கோடு படிக்கிற வகை. தலையில் ஹெட்செட். எந்த வரிசை, எந்த அடுக்கு, எத்தனை எடுக்க வேண்டும் என்று காதில் சொல்லும். அடுக்கில் ஒட்டியிருக்கும் சரிபார்ப்பு எண்ணை நாம் வாயால் திரும்பச் சொல்ல வேண்டும். இரண்டு கையும் காலியாக இருக்கும் என்பதுதான் இதன் அருமை.

ஒருநாள் காலை ஷிப்டில் என் கருவியின் திரை காட்டிய அடுக்குக்குப் போனேன், சரிபார்ப்பு எண்ணைச் சொன்னேன், “தவறு” என்றது. மறுபடி சொன்னேன், மறுபடி தவறு. மூன்றாவது வரிசையில் நின்ற சக ஊழியர் கத்துகிறார், “என் கருவி தானாகப் பேசுது, காதுல ஒண்ணும் வரல!” என் தலையில் இருந்த ஹெட்செட் அவர் கருவியோடு இணைந்திருந்தது. முந்தைய இரவு ஷிப்டில் அந்த ஹெட்செட்டும் அவர் கையிலிருந்த கருவியும் ஜோடி. இயக்கியவுடன் கடைசியாகப் பழகிய கருவியைத்தான் ஹெட்செட் தேடும். பட்டியலில் எல்லா ஹெட்செட்டுக்கும் ஒரே மாடல் பெயர் என்பதால் திரையைப் பார்த்தாலும் எது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது.

அதற்குப் பிறகு நாங்கள் செய்தது இதுதான். ஒவ்வொரு ப்ளூடூத் கருவிக்கும் 12 எழுத்தெண் கொண்ட முகவரி உண்டு. அதன் கடைசி நான்கை எழுதி ஹெட்செட்டின் மேலேயே ஒட்டிவிட்டோம். ஷிப்டு முடிந்து தொட்டிலில் வைக்கும்போது ஜோடியை அழித்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். சில ஹெட்செட்களில் முகவரியே பார்கோடாக அச்சிட்டிருக்கும். நம் கருவியால் அதை ஸ்கேன் செய்தால் தேடல், பட்டியல் எதுவும் இல்லாமல் நேராக அதோடு இணைந்துவிடும். அந்த வகை வந்த பிறகு இந்தக் குழப்பமே இல்லை.

மைக்கின் மேல் இருக்கும் பஞ்சு உறையைக் கழற்றிப் போடாதீர்கள். மின்விசிறிக் காற்று பட்டால் நாம் சொல்லும் எண் அதற்குப் புரியாது.

* * *

நான் இவ்வளவு பெரிய கதை எழுதப் போவதில்லை. கருவியைச் சட்டையின் இடப்பக்கப் பையிலும் ஒற்றைக் காது ஹெட்செட்டை வலக்காதிலும் வைத்தால் கரகரக்கும். அதே பக்கம் வைத்தால் சரியாகிவிடும். ப்ளூடூத் அலைகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் போகின்றன, உடலில் உள்ள நீர் அவற்றை உறிஞ்சிவிடும். பத்து மீட்டர் போகும் என்று அட்டையில் போட்டிருந்தாலும், நடுவில் நம் உடம்பே நிற்கிறது என்றால் அரை மீட்டரிலும் தடங்கல் வரும்.

வைஃபையும் அதே 2.4-ல் ஓடினால் இன்னும் மோசம். ப்ளூடூத் 79 அலைவரிசைகளில் விநாடிக்கு 1600 முறை தாவிக்கொண்டே இருக்கும். 2003-ல் வந்த 1.2 பதிப்பிலிருந்துதான் வைஃபை இருக்கும் அலைவரிசைகளைத் தெரிந்து ஒதுங்கிப் போகும் வழி வந்தது. பாக்கெட் பிசி வைத்திருப்பவர்கள் பாட்டுக் கேட்கும்போது வைஃபையை அணைத்துப் பாருங்கள். பேட்டரிக்கும் நல்லது.

* * *

எல்லோரும் பழைய கருவிகளைப் பற்றிச் சொல்கிறீர்கள். என்னுடையது விண்டோஸ் ஓடும் புத்தம்புது கையடக்க கேமிங் கணினி. அதிலும் பதிவு போட்ட அண்ணன் சொன்ன அதே 8000 மாதிரிக் கதைதான்!

தனியாக விளையாடும்போது ஹெட்செட்டில் ஒலி பிரமாதம். நண்பர்களோடு சேர்ந்து ஆடத் தொடங்கிய நிமிடமே எல்லாம் தகர டப்பாவுக்குள் நடப்பதுபோல் ஆகிவிடும். காலடிச் சத்தம் இடமா வலமா என்று தெரியாது. டிரைவரை மாற்றினேன், ஹெட்செட்டை மாற்றினேன், பயன் இல்லை. விளையாட்டு மைக்கைத் திறந்தவுடன் கணினி ஏ2டிபி-யை விட்டுவிட்டுப் பேச்சு ப்ரொஃபைலுக்குத் தாவுகிறது. ஏ2டிபி ஒருவழிப் பாதை, அதில் நம் குரல் திரும்ப வராது. 2011-ல் அந்தப் பேச்சு ப்ரொஃபைலில் 16000 மாதிரிகள் வரை அனுமதித்தார்கள், ஆனால் ஒற்றைத் தடம் ஒற்றைத் தடம்தான்.

எனக்கு உதவியது மிக எளிய மாற்றம். ஒலி அமைப்புகளில் உள்ளீட்டுக்குக் கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தேன், வெளியீட்டுக்கு மட்டும் ஹெட்செட். விளையாட்டுக்குள் இருக்கும் குரல் அமைப்பிலும் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் அது தன்னிச்சையாக ஹெட்செட் மைக்கைத் திறந்துவிடும். அதன் பிறகு ஸ்டீரியோ கலையவே இல்லை.

ஆனாலும் சுட்டதற்கும் சத்தம் கேட்டதற்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி இருந்துகொண்டே இருந்தது. எஸ்பிசி சுருக்கி, அனுப்பி, பிரித்து வருவதற்குள் விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் தாமதமாகிவிடும். கதை கேட்க அது ஒன்றுமில்லை. விளையாட்டில் உயிர் போகும் நேரம் அது. கடைசியில் சொந்த யுஎஸ்பி டாங்கிளோடு, அதாவது கணினியில் செருகும் சிறு கருவியோடு, வரும் ஹெட்செட்டுக்கு மாறினேன். அது ப்ளூடூத் இல்லை, தன் சொந்த வழியில் பேசும். தாமதம் தெரியவில்லை, மைக்கும் ஸ்டீரியோவும் சேர்ந்தே ஓடுகின்றன. என் கருவியில் ஒரே ஒரு டைப்-சி துளை என்பதால் டாங்கிளைப் போட்டால் சார்ஜ் போட முடியாது. சார்ஜும் போகும்படியான ஹப் ஒன்றை இடையில் மாட்டிச் சமாளிக்கிறேன். புதிதாக வாங்குபவர்கள் எல்இ ஆடியோ என்ற புதிய ப்ளூடூத் ஒலி முறை இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். 2020-ல் வந்த ப்ளூடூத் 5.2-ஐ அடிப்படையாகக் கொண்டது அது. அதில் மைக் திறந்திருந்தாலும் ஸ்டீரியோ தொடர வழி செய்திருக்கிறார்கள்.

* * *

எழுதிய எல்லோருக்கும் நன்றி. சட்டைப்பை விஷயத்தை உடனே சோதித்துப் பார்த்தேன். பாட்டுக்கு இரட்டைக் காது ஹெட்செட் என்றாலும், இரவில் கதை கேட்க அப்பா அந்த ஒற்றைக் காது ஹெட்செட்டைத்தான் மாட்டிக்கொள்வார். இடப்பக்கம் திரும்பிப் படுத்து, வலக்காதில் ஹெட்செட், கருவி இடக்கையின் அடியில். அவ்வப்போது குரல் அறுந்து போகிறது என்று பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் பேட்டரியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கருவியைத் தலைமாட்டுப் பலகையில், அவர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சின்ன மரத்தாங்கி செய்து நிறுத்திவிட்டேன். தொட்டில் ஒயரும் அங்கேயே வருகிறது. நேற்று இரவு ஒருமுறைகூட அறுபடவில்லையாம்.

கிடங்கு நண்பருக்கு ஒரு கேள்வி. முகவரியின் கடைசி நான்கை ஒட்டினோம் என்றீர்களே, ஹெட்செட்டில் அது எங்கே அச்சிட்டிருக்கும்? என்னுடையதில் காது வளைவுக்கு அடியில் ஏதோ பொடி எழுத்து தெரிகிறது, பாதி தேய்ந்துவிட்டது.

* * *

அதேதான். தேய்ந்திருந்தால் கவலை இல்லை. இணைத்த பிறகு கருவியின் ப்ளூடூத் பட்டியலில் ஹெட்செட்டின் பெயரை அழுத்திப் பிடித்து விவரம் பாருங்கள், முழு முகவரியும் அங்கே இருக்கும். எழுதி ஒட்டிவிட்டு, மேலே ஒட்டுநாடாவையும் சுற்றுங்கள். வியர்வை பட்டால் மை போய்விடும்.