டேபை மூடியதும் ப்ளே/பாஸ் கீ செத்துப்போகிறது, உதவுங்கள்

வணக்கம். லினக்ஸ், க்னோம் டெஸ்க்டாப், வேலண்ட் (திரையில் சாளரங்களைக் காட்டும் முறை). குரோமியம் வகை பிரவுசர். ஒரே டேபில் பாட்டு ஓடும்வரை ப்ளே/பாஸ் கீ ஒழுங்கு. இன்னொரு டேபில் வீடியோ ஓட்டிவிட்டு அந்த டேபை மூடினால், அதன்பின் கீயை எத்தனை முறை அழுத்தினாலும் பாட்டு நிற்பதில்லை.

கீபோர்டு மேல் சந்தேகமில்லை. கீ அழுத்தங்களைக் காட்டும் ஈவ்டெஸ்ட் கருவியில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ‘கீ_ப்ளேபாஸ்’ 1 (அழுத்தியது), பிறகு 0 (விட்டது) என்று தவறாமல் வருகிறது. பிரவுசரின் ஃப்ளாக்ஸ் (சோதனை அமைப்புகள்) பக்கத்தில் ஹார்டுவேர் மீடியா கீ ஹேண்ட்லிங் எனேபிள்டு. எக்ஸ்டென்ஷன் இல்லாத புது புரொஃபைலிலும் இதே கதைதான்.

கீ பிடிக்காத நேரத்தில் டெர்மினலில் ‘பிளேயர்சிடிஎல் -எல்’ (கட்டுப்படுத்தக்கூடிய பிளேயர்களைப் பட்டியலிடும் கட்டளை) கொடுத்தால் பிரவுசர் பட்டியலில் இருக்கிறது. ஸ்டேட்டஸ் கேட்டால் ‘ஸ்டாப்டு’. பாட்டோ காதில் ஓடிக்கொண்டே இருக்கிறது! மீடியா செஷன் (எந்த டேபின் ஒலி கீக்குக் கட்டுப்படும் என்று பிரவுசர் வைத்திருக்கும் பிடி) மூடிய டேபோடு போய், பழைய டேபுக்குத் திரும்பவில்லை என்றே படுகிறது. மவுஸால் ஒருமுறை நிறுத்தி மறுபடி ஓட்டினால் சரியாகிறது. நோட்டிஃபிகேஷன் சத்தம் காரணமாக இருக்காது. 5 விநாடிக்குள் முடியும் ஒலி செஷனைப் பிடிப்பதில்லை.

கீயை ‘பிளேயர்சிடிஎல் ப்ளே-பாஸ்’ கட்டளைக்கு ஷார்ட்கட்டாகக் கட்டியும் பலனில்லை, அதுவும் அதே எம்பிரிஸ் (லினக்ஸில் பிளேயர்களைக் கட்டுப்படுத்தும் பொது இடைமுகம்) வழியாகத்தானே போகிறது. மவுஸைத் தொடாமல் செஷனைப் பழைய டேபுக்கு மீட்க வழி உண்டா? வேலண்டுக்கு முந்தைய முறையான எக்ஸ்11-இல் இதே சோதனையைச் செய்து பார்க்க முடிந்தவர்கள் அந்த ஸ்டேட்டஸ் வரியை மட்டும் இங்கே போடுங்கள்.