விஎம் (ஒரு கம்ப்யூட்டருக்குள் தனிக் கம்ப்யூட்டர் போல ஓடும் மெய்நிகர் கணினி) பெஞ்ச்மார்க்கை, அதாவது வேகச் சோதனையை, தானாக ஓட விட்டவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பார்வதிபுரத்திலிருந்து:

கோட்டாறில் மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவரின் கடையில் மூன்று பழைய கம்ப்யூட்டர்களை எடுத்துவிட்டு, ஒரே சர்வரில் மூன்று விஎம் போட்டுக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. "தம்பி, பில் போடும்போது நின்னு நின்னு வரப்பிடாது. அத மட்டும் உறுதியா சொல்லு, நான் ரூவா எடுத்து வைக்கேன்" என்றார். அவருக்கு உறுதி சொல்ல வேண்டுமென்றால் முதலில் எனக்கு நம்பும்படியான எண் வேண்டும்.

சர்வரை எங்கள் வீட்டு மாடி அறையில் வைத்து, லினக்ஸில் விஎம் ஓட்ட உதவும் கேவிஎம்மில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். இரவு 1 மணிக்கு விஎம் கிளம்பும். எஸ்எஸ்எச் (வெளியிலிருந்து விஎம்முக்குள் நுழையும் வழி) வழியாக, சிஸ்பெஞ்ச் என்ற கருவி சிபியுவின் வேகத்தை அளக்கும், ஃபியோ என்ற கருவி டிஸ்க்கின் வேகத்தை அளக்கும். முடிவை வெளியே எடுத்து வைத்துவிட்டு, விஎம்மை அணைத்து, முன்பே பதிந்து வைத்த பழைய நிலைக்கே, அதாவது ஸ்நாப்ஷாட்டுக்கே, திருப்பிவிடும். தினமும் ஒரே நிலையில் இருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

சிபியு எண் சீராக வந்தது. டிஸ்க் எண் சில நாள் நன்றாக இருக்கும், சில நாள் பாதிதான். முதலில் ஃபியோவில், கேச்சைத் தவிர்க்கச் சொல்லும் டைரக்ட்=1 போடாமல் விட்டிருந்தேன். அதனால் மெமரியில் இருக்கும் கேச்சின் வேகத்தை டிஸ்க்கின் வேகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைத் திருத்திய பிறகும் ஏற்ற இறக்கம் போகவில்லை. கேபிளைக்கூட மாற்றிப் பார்த்தேன்.

காலையில் லாக் பார்க்கலாம் என்றால் விஎம்முக்குள் எதுவுமே இருக்காது. ஸ்கிரிப்ட்தான் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பிவிடுகிறதே! அணைப்பதற்கு முன் ஜர்னலை (விஎம்மின் லாக் பதிவை) வெளியே எடுக்க ஒரு வரி சேர்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. உபுண்டுவில் தினமும் அப்டேட் தேடி இறக்கும் ஆப்ட்-டெய்லி டைமர்தான் காரணம். அது கடைசியாக எப்போது ஓடியது என்ற குறிப்பும் ஸ்நாப்ஷாட்டோடு பழையதாகிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு இரவும், "ரொம்ப நாளாக ஓடவில்லை" என்று கிளம்பப் பார்க்கிறது. அதற்கு 12 மணி நேரம் வரை தற்செயல் தாமதம் வேறு உண்டு. அதனால்தான் சில இரவு என் சோதனையின் நடுவில் வந்து விழுந்தது, சில இரவு விழவில்லை.

இப்போது மூல இமேஜிலேயே ஆப்ட்-டெய்லி, ஆப்ட்-டெய்லி-அப்கிரேட் இரண்டு டைமர்களையும் கிளம்ப முடியாதபடி மாஸ்க் செய்துவிட்டேன். பூட் ஆனதும் லோடு அடங்கும் வரை ஸ்கிரிப்ட் காத்திருக்கும். ஐந்து முறை ஓட்டி, முதல் முறையை விட்டுவிட்டு மற்ற நான்கையும் அப்படியே பதிந்து வைக்கிறது. சராசரியை மட்டும் வைத்திருந்தால் இந்தக் கோளாறு என் கண்ணில் பட்டிருக்காது.

மார்த்தாண்டத்திலிருந்து:

அண்ணே, உங்கள் டிஸ்க் க்யூகவ்2 (விஎம்மின் டிஸ்க்கை ஒரு ஃபைலாக வைக்கும் வடிவம்) என்றால் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஸ்நாப்ஷாட் எடுத்த பிறகு ஒரு இடத்தில் முதல்முறை எழுதும்போது, பழைய தரவு கெடாமல் இருக்க அந்த இடம் இருக்கும் துண்டு முழுவதையும், அதாவது கிளஸ்டரையே, புது இடத்துக்கு நகல் எடுக்கும். இயல்பான கிளஸ்டர் அளவு 64 கேபி. நீங்கள் 4 கேபி எழுதினாலும் பின்னால் அவ்வளவு வேலை நடக்கிறது. அதே இடத்தில் இரண்டாவது முறை எழுதினால் வேகமாகப் போகும். எனக்கு முதல் ஓட்டம் மட்டும் மெதுவாக வந்தது, காரணம் தெரியாமல் ஒரு வாரம் அலைந்தேன். இப்போது சோதனைக்கென்று தனியாக ஒரு ரா டிஸ்க் (இப்படி நகல் வேலை எதுவும் இல்லாத எளிய வடிவம்) இணைத்து, அதை ஸ்நாப்ஷாட்டில் சேர்க்காமல் வைத்திருக்கிறேன்.

குளச்சலிலிருந்து:

நான் லேப்டாப்பில்தான் ஓட்டுகிறேன். ஐப்பசி மழையில் தென்னை மட்டை லைனில் விழுந்து ராத்திரி கரண்ட் போய்விட்டது. லேப்டாப் பேட்டரிக்கு மாறியதும் சிபியு வேகத்தைக் குறைத்துக்கொண்டது. ஸ்கிரிப்ட்டுக்கு அது தெரியாது, பேட்டரி தீரும் வரை அளந்துகொண்டே இருந்தது. அந்த எண்களைப் பார்த்து, புதிதாகப் போட்ட கெர்னல்தான் (லினக்ஸின் மையப் பகுதி) மோசம் என்று முடிவு கட்டி, பழைய கெர்னலுக்கே திரும்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அம்மா பேச்சுவாக்கில், "அன்னைக்கு ராவு முழுக்க கரண்ட் இல்லல்லா" என்று சொன்ன பிறகுதான் உறைத்தது.

இப்போது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னும் பின்னும் சார்ஜர் நிலை, கவர்னர் (சிபியு வேகத்தை முடிவு செய்யும் அமைப்பு), சிபியு வெப்பம் மூன்றையும் முடிவோடு சேர்த்து எழுதுகிறது. சார்ஜர் இல்லையென்றால் ஓடாமல் நின்றுவிடும்.

பார்வதிபுரத்திலிருந்து:

மார்த்தாண்டம் தம்பி, என்னுடையதும் க்யூகவ்2தான். ரா டிஸ்க்கை இன்றைக்கே சேர்க்கிறேன். யுபிஎஸ் நிலையையும் பதிய வேண்டும், எனக்கு அது தோன்றவே இல்லை. அண்ணாச்சியிடம் இன்னும் ஒரு வாரம் கேட்டிருக்கிறேன். "செரி, பைய செய்யி" என்றார்.