ஹன்டா வைரஸ் நோயாளி உடலில் உருமாறுகிறதா, இல்லை எலியிடமிருந்து அப்படியே வருகிறதா?

எழினி: எலி உடம்பில் காலம் பூரா சாதுவாகக் கிடக்கிற வைரஸ், மனிதனுக்குள் வந்ததும் நுரையீரலை நீரால் நிரப்பி ஆளைக் கொல்கிறது. உள்ளே வந்தபின் உருமாறாமல் இது எப்படி நடக்கும்? ஒருவர் பிழைத்து இன்னொருவர் சாவதற்கும் அதுதான் காரணம் என்பது என் கட்சி.

வளைஎலி: இல்லைங்க. 1993இல் அமெரிக்காவின் தென்மேற்கில் நல்ல திடமான இளைஞர்கள் அடுத்தடுத்து மூச்சுத்திணறி இறந்தபோது, நோயாளிகளிடம் கிடைத்த மரபணு வரிசையையும் அங்கே பிடித்த மான் சுண்டெலிகளின் வரிசையையும் ஒப்பிட்டார்கள், பொருந்திப்போனது. அதுதான் சின் நோம்ப்ரே வைரஸ். ஒரு நோயாளியின் வைரஸ் வரிசை, தூரத்து நோயாளியோடு ஒத்துப்போவதைவிட, அவருக்குத் தொற்றிய இடத்து எலியோடுதான் அதிகம் ஒத்துப்போகும்.

எழினி: எதை வைத்து ஒப்பிட்டார்கள்? இதன் மரபுத்தொகுதி எஸ், எம், எல் என்று மூன்று துண்டு. பல ஆய்வுகளில் ஒரு துண்டின் கொஞ்சம் பகுதியைத்தான் படிக்கிறார்கள்.

பாரி: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரும் நேரத்தில் பல சமயம் ரத்தத்தில் வைரஸ் குறைந்துவிடும், முழு வரிசை லேசில் கிடைக்காது. சரி, செல்லில் வளர்த்துப் படிக்கலாம் என்றால் அங்கேயும் சிக்கல். வீரோ செல்லில் (ஆய்வகத்தில் வளர்க்கும் குரங்குச் சிறுநீரகச் செல்) வளர்த்துப் பழக்கிய பூமாலா வைரஸ் (ஐரோப்பாவில் இருக்கும் ஒரு ஹன்டா), இயற்கையில் தன்னைச் சுமக்கும் வோல் என்ற எலியைத் தொற்றும் திறனையே இழந்துவிட்டது. அப்படிக் கிடைத்த வரிசையை ‘நோயாளியின் வைரஸ்’ என்று இரண்டு பேருமே காட்டாதீர்கள்.

வளைஎலி: நல்ல குறுக்கீடு. கடுமைக்கு வருகிறேன். பூமாலாவில் நூற்றுக்கு ஒருவர்கூட இறப்பதில்லை, சின் நோம்ப்ரேயில் மூன்றில் ஒருவருக்கு மேல். அது வைரஸ் வேறுபாடு, சரி. ஆனால் அதே பூமாலா ஒருவருக்கு வெறும் காய்ச்சலாகப் போய், இன்னொருவரை டயாலிசிஸ் வரை இழுப்பது ஏன் என்று பின்லாந்தில் தேடியபோது அகப்பட்டது நோயாளிகளின் எச்எல்ஏ மரபணு, அதாவது கிருமியை எதிர்ப்பாற்றலுக்குக் காட்டிக்கொடுக்கும் மரபணு. அதில் பி8 என்ற வகை இருந்தால் கடுமை, பி27 வகை இருந்தால் லேசு. நுரையீரலில் நீர் சேர்வதற்குக் காரணமான ரத்தக்குழாய்க் கசிவிலும் நம் எதிர்ப்பாற்றலின் பங்கு பெரிது, வைரஸ் ரத்தக்குழாய்ச் சுவரின் செல்களை நேரடியாகக் கொல்வதில்லை.

எழினி: அப்போ தென் அமெரிக்காவின் ஹன்டாவான ஆண்டிஸ் வைரஸ்? அர்ஜென்டினாவின் எப்புயென் ஊரில் 2018 கடைசியில் ஒருவர் காய்ச்சலோடு பிறந்தநாள் விருந்துக்குப் போனார், அங்கிருந்து ஆளுக்கு ஆள் பரவி மொத்தம் 34 பேருக்குத் தொற்று, 11 பேர் இறந்தார்கள். மனிதனுக்குப் பழகாமலா இது?

வளைஎலி: எப்புயென் இருக்கிற அதே பட்டகோனியாப் பகுதியில் 1996இல் ஆளுக்கு ஆள் பரவிய வைரஸுக்கு நெருங்கிய வரிசை அது. நடுவில் இருந்த இருபத்திச்சொச்சம் வருடமும் அது எலியிடம்தான் இருந்திருக்கிறது. 2018இல் புதிதாக எதையும் கற்றுக்கொண்டு வரவில்லை.

எழினி: எலியிடமே ஊறிய திறமை என்றாலும் அது மரபு வேறுபாடுதானே! மற்ற ஹன்டாக்கள் இப்படிப் பரவுவதில்லையே.

பாரி: அதைப் பிடிக்க வேண்டுமானால் எலியில் மூன்று துண்டையும் படிக்க வேண்டும். ஒரே எலிக்குள் இரண்டு வகை வைரஸ் சேர்ந்தால் துண்டுகளை மாற்றிக்கொள்ளும், சின் நோம்ப்ரேயில் இயற்கையிலேயே இதைப் பார்த்திருக்கிறார்கள். எஸ் துண்டை மட்டும் படித்தால் எம் எங்கிருந்து வந்தது என்று உங்கள் இருவருக்குமே தெரியப்போவதில்லை.