அடித்து ஆடுபவருக்கு எந்த ராக்கெட்? இரண்டாவது ஸ்மாஷ் சொல்லட்டும்

பேட்மிண்டன் டபுள்ஸில் என் இடம் பின்கோர்ட். பார்ட்னர் நெட்டைப் பார்த்துக்கொள்வார். எதிரணி தூக்கிக் கொடுப்பதை ஸ்மாஷாக, அதாவது மேலிருந்து கீழ்நோக்கி ஓங்கி, அடித்துக்கொண்டே இருப்பது என் வேலை. நடுவே வந்த ஒரு ஷட்டிலுக்கு இரண்டு பேரும் கை நீட்டியதில் ராக்கெட்டுகள் மோதி, என்னுடையதின் ஃப்ரேமில் விரிசல் விழுந்துவிட்டது. விரிசல் விட்ட ஃப்ரேமில் மறுபடி ஸ்ட்ரிங் இழுத்துக் கட்ட முடியாது. அதே மாடலும் இப்போது வருவதில்லை. அதனால் புதிதாகத் தேட வேண்டியதாயிற்று. தேடும்போது கவனித்ததை எழுதுகிறேன், உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான்: "அடிக்கிற ஆளா? ஹெட் ஹெவியா வாங்குங்க, ஷாஃப்ட் நல்லா ஸ்டிஃப்பா இருக்கட்டும்." ஷாஃப்ட் என்பது கைப்பிடிக்கும் தலைக்கும் நடுவில் உள்ள தண்டு, அது எளிதில் வளையாமல் விறைப்பாக இருந்தால் ஸ்டிஃப். கைப்பிடியின் அடியிலிருந்து அளந்தால் ஏறக்குறைய 295 மி.மீ.க்கு மேல் சமநிலைப் புள்ளி வரும் ராக்கெட்டைப் பொதுவாக ஹெட் ஹெவி என்கிறோம். ஒரே வேகத்தில் சுழற்றினால் தலைப்பக்கம் கனமுள்ள ராக்கெட் ஷட்டிலை இன்னும் பலமாக அடிக்கும், சந்தேகமில்லை. ஆனால் அந்த வேகம் கடைசிவரை கையில் இருக்குமா? மூன்றாவது கேமில், 17-17 என்று நிற்கும்போது, தோள் சோர்ந்த பிறகும் இருக்குமா?

எங்கள் குழுவில் இருப்பவர்கள் பெரிய மனது வைத்து ஆளுக்கொரு மாலை தங்கள் ராக்கெட்டைக் கொடுத்தார்கள். முதலில் கிடைத்தது 3யு எடை, எக்ஸ்ட்ரா ஸ்டிஃப் ஷாஃப்ட். 3யு என்றால் 85 முதல் 89 கிராம் வரை. வார்ம் அப் முடிந்து அடித்த முதல் ஸ்மாஷிலேயே ஆளை மயக்கிவிட்டது. அந்தச் சத்தமே வேறு. ஆனால் எதிரே நல்ல தடுப்பாட்டக்காரர் இருந்தால் ஒரு ஸ்மாஷோடு பாயின்ட் முடிவதில்லையே. அவர் தட்டையாகத் திருப்பிவிடுவார், நாம் ராக்கெட்டை உடனே மேலே கொண்டுவந்து மறுபடி அடிக்க வேண்டும். அங்கேதான் தாமதம் தெரிந்தது. இரண்டாவது ஸ்மாஷில் ஷட்டிலைச் சந்திக்கும் இடம் ஒரு சாண் பின்னால் போய்விட்டது. மூன்றாவதில் ஷட்டில் கீழே இறங்காமல் எதிராளியின் நெஞ்சு உயரத்துக்குப் போனது. விறைப்பான ஷாஃப்ட் வேகமான கைக்குத்தான் வளைந்து கொடுக்கும். கை சோர்ந்து வேகம் இறங்கிவிட்டால் அது வளைவதே இல்லை, முழு பாரமும் தோள் மேல் விழுகிறது.

டென்மார்க் வீரர் விக்டர் ஆக்செல்சன் கையில் நாம் பார்த்த யோனெக்ஸ் நிறுவனத்தின் அஸ்ட்ராக்ஸ் 100இசட்இசட் இந்த எக்ஸ்ட்ரா ஸ்டிஃப் வகைதான். 194 செ.மீ. உயரம், முழுநேரப் பயிற்சி, அந்தத் தோள் எல்லாம் சேர்ந்து அதை ஆண்டது. டிவியில் பார்த்துவிட்டு அதையே தேடுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து கிடைத்தது 4யு. 80 முதல் 84 கிராம் வரை. இதுவும் ஹெட் ஹெவிதான், ஷாஃப்ட் மட்டும் மீடியம். முதல் ஸ்மாஷ் அந்த 3யு அளவுக்கு இடிக்கவில்லை. ஆனால் ஒரே ராலியில் தொடர்ந்து அடித்தபோது கடைசி ஸ்மாஷும் முதல் ஸ்மாஷைப் போலவே இறங்கியது. உடம்பை நோக்கி வந்த ஷட்டிலையும் பேக்ஹேண்டில் தள்ளிவிட முடிந்தது. டபுள்ஸில் அடிப்பவனையும் எதிரணி அடிக்கும், அதை மறந்துவிடக் கூடாது.

ஆகவே இரவல் வாங்கிப் பார்க்கும்போது நான் செய்ததைச் சொல்கிறேன். களைப்பு ஏறிய பிறகுதான் புது ராக்கெட்டைக் கையில் எடுத்தேன். பார்ட்னரை விடாமல் தூக்கிக் கொடுக்கச் சொல்லி அடித்தேன், அப்புறம் அவரை என் உடம்பைப் பார்த்து அடிக்கச் சொன்னேன். கடைசியாக, பேக்ஹேண்ட் மூலையில் தாமதமாகச் சந்திக்கும் க்ளியர், அதாவது உயரமாகப் பின்னால் அனுப்பும் அடி. அது எதிர்ப் பின்கோடு வரை போகிறதா என்று பார்த்தேன். கடையில் நின்று காற்றில் வீசிப் பார்ப்பதில் இது எதுவுமே தெரியாது. அந்த 4யு வகையையே வாங்கிவிட்டேன்.

* * *

நல்ல பதிவு. ஆனால் அடித்து ஆடுபவர் என்றால் ஹெட் ஹெவிக்குள்தான் தேட வேண்டும் என்பது போல இருக்கிறது, அதில் எனக்கு உடன்பாடில்லை நண்பரே.

இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023 ஏப்ரல் 14 அன்று அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கி.மீ. கின்னஸ் சாதனை. கையில் இருந்தது நானோஃப்ளேர் 1000இசட், தலைப்பக்கம் லேசாக இருக்கும் வரிசையைச் சேர்ந்தது. அதற்கு முந்தைய 493 கி.மீ. சாதனை 2013இல் மலேசியாவின் டான் பூன் ஹியோங் அடித்தது. அதுவும் நானோரே இசட்-ஸ்பீட், அதே லேசான குடும்பம். இரண்டும் ஆட்டத்தின் நடுவில் அடித்தவை அல்ல, தனியாக ஏற்பாடு செய்து அளந்தவை. ஷட்டில் ராக்கெட்டை விட்டுக் கிளம்பும் கணத்தின் வேகம் அது. இருந்தாலும் ஒன்று புரிகிறது அல்லவா? சுழற்றும் வேகம் கூடினால், தலைக் கனம் குறைந்தாலும் ஷட்டில் பறக்கும்.

நானும் அடித்துத்தான் ஆடுகிறேன். ஆனால் என் பாயின்டில் பெரும்பாலானவை கோர்ட்டின் நடுவில், தட்டையாக வரும் ஷட்டிலை முந்திக்கொண்டு அறைவதில் வருபவை. அங்கே பின்னால் கை ஓங்க நேரமே கிடையாது. லேசான தலை, ஸ்டிஃப் ஷாஃப்ட். எனக்கு அதுதான் ஆயுதம். யோனெக்ஸே அஸ்ட்ராக்ஸ் 88 வரிசையைப் பின்கோர்ட்டுக்கு டி என்றும் முன்கோர்ட்டுக்கு எஸ் என்றும் பிரித்துத் தருகிறது. நீங்கள் எந்த இடத்தில் நின்று அடிக்கிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள்.

* * *

நான் சிங்கிள்ஸ் ஆடும் பெண். ராக்கெட் கேட்டுப் போனால், எப்படி ஆடுவேன் என்று கேட்பதற்கு முன்பே லேசான 5யு ஒன்றை எடுத்து நீட்டுகிறார்கள். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். என் ஆட்டமே பின்னாலிருந்து செங்குத்தாக அடித்துவிட்டு நெட்டுக்கு ஓடுவதுதான்.

என் கைவீச்சு நீளமானது, வேகம் நடுத்தரம். அதனால் ஹெட் ஹெவி 4யு, கொஞ்சம் வளையும் ஷாஃப்ட் எடுத்தேன். ஷாஃப்ட் பின்னால் வளைந்து நிமிரும் நேரமும் ஷட்டிலைச் சந்திக்கும் நேரமும் ஒன்றாகிவிட்டால், பெரிய முயற்சி இல்லாமலே ஸ்மாஷ் இறங்குகிறது. வேகமான கை உள்ளவருக்கு இதே ஷாஃப்ட் தாமதமாக நிமிரும், ஷட்டில் குறி தவறும். அக்காவுக்கு நன்றாக இருக்கிறது என்று தங்கை வாங்கக் கூடாத பொருள் இது.

கிரிப் பற்றி யாரும் சொல்லவில்லை. வியர்வைக்காகக் கைப்பிடியில் ஓவர்கிரிப் பட்டை மேல் பட்டையாகச் சுற்றுகிறவர்கள் கவனியுங்கள். ஒரு சுற்று ஏறக்குறைய 5 கிராம். அது கைப்பிடியில் சேரும்போது சமநிலைப் புள்ளி சுமார் 1 செ.மீ. கீழே இறங்கிவிடும். தேடித் தேடி வாங்கிய ஹெட் ஹெவி, இரண்டு சுற்றில் ஹெட் ஹெவியாகவே இருக்காது. கைப்பிடி மெலிதாகத் தோன்றினால் வாங்கும்போதே தடித்த அளவைக் கேளுங்கள். யோனெக்ஸில் எண் குறையக் குறையத் தடிமன் கூடும். ஜி5ஐ விட ஜி4 தடித்தது.

* * *

அண்ணா, ஒரு விஷயம். இரவல் ராக்கெட்டில் நாம் உணர்வதில் பாதி ஸ்ட்ரிங்தான். ஒருவருடையதில் 0.70 மி.மீ. தடிமனுள்ள பிஜி65 ஸ்ட்ரிங் தளர்ந்துபோய் இருக்கும், இன்னொருவருடையதில் 0.65 மி.மீ. பிஜி66 அல்டிமேக்ஸ் நேற்று கட்டியதாக இருக்கும். இரண்டையும் அடித்துப் பார்த்துவிட்டு "இந்த ஃப்ரேமில் பவர் இல்லை" என்று முடிவு செய்வது சரியில்லை. எந்த ஸ்ட்ரிங், எத்தனை பவுண்டு டென்ஷன் (இறுக்கம்), கட்டி எவ்வளவு நாள் ஆகிறது என்று கேட்டுவிட்டு ஆடுங்கள்.

டென்ஷன் கூட்டினால் பவர் கூடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறு. தளர்வான ஸ்ட்ரிங்தான் அமுங்கி ஷட்டிலைத் தள்ளிவிடும். இறுக்கினால் கிடைப்பது கட்டுப்பாடு, கூடவே நல்ல சத்தம். ஆனால் நடுவில் சரியாகப் பட்டால்தான் ஷட்டில் போகும்.

* * *

தம்பி சொன்னது ரொம்பச் சரி. நான் பார்த்த அந்த 3யுவில் 28 பவுண்டு இருந்தது, 4யுவில் 25. அதனால் இரண்டையும் ஒரே ஸ்ட்ரிங், ஒரே 25 பவுண்டில் கட்டி மறுபடி ஆடிப் பார்க்கலாம் என்று 3யு கொடுத்த நண்பரிடம் கேட்டேன், சம்மதித்தார். 3யு முன்பைவிட இலகுவாகத்தான் இருந்தது, க்ளியர் பின்கோடு வரை போனது. ஆனால் தொடர்ந்து அடிக்கும்போது வரும் தாமதம் அப்படியேதான் இருந்தது. எனக்கு 4யுதான். தங்கை சொன்னபடி பழைய ஓவர்கிரிப்பையும் உரித்துவிட்டு ஒரே சுற்று சுற்றியிருக்கிறேன்.