உறக்கத்தில் ஓடும் நாய்கள்: வன்னி உறவுகளே, உங்கள் வீட்டில் எப்படி?

ஒட்டுசுட்டானிலிருந்து:
எங்கள் கறுப்பன் பகல் முழுதும் வளவுக்குள் குரங்கு விரட்டுவான். இரவு விறாந்தையில் படுத்துக் கால்மணி, இருபது நிமிடம் போனதும் தொடங்கிவிடும். முதலில் மீசை மயிர் துடிக்கும். மூடிய இமைக்குள் கண்மணி உருளும். பிறகு நான்கு கால்களும் வெட்டி வெட்டி இழுக்க, வாய் திறவாமலே தொண்டைக்குள் ஒரு குரைப்பு எழும். குரங்குக்கு அவன் குரைப்பது ஒரு விதம், உடும்புக்கு இன்னொரு விதம். உறக்கத்தில் வருவது உடும்புச் சத்தம்தான் என்று அம்மா உறுதியாகச் சொல்கிறார். நானும் அப்படியே நம்புகிறேன். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் எலிகளை வட்டப் பாதையில் ஓடவிட்டு, பின்னர் அவை உறங்கும்போது மூளையைக் கவனித்தார்கள். ஓடியபோது நரம்பணுக்கள் இயங்கிய அதே ஒழுங்கு கனவுறக்கத்திலும் திரும்ப வந்ததை 2001இல் எழுதினார்கள். எலிக்கு அது உண்டென்றால் கறுப்பனுக்கு இல்லாமலா போகும்?

நெடுங்கேணியிலிருந்து:
நான் கவனித்தது வேறு. காலபோகத்தில் கதிர் முற்றும் நேரம் யானைக்கும் பன்றிக்கும் பயந்து வயலில் காவல் கிடப்போம். பரணுக்குக் கீழே எங்கள் வீமன் படுப்பான். அங்கே அவன் கால் இழுத்து நான் கண்டதேயில்லை. கவிழ்ந்து, முன்னங்கால்மேல் நாடியை வைத்துக் கண்ணை மூடியிருப்பான்; காது மட்டும் காட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும். பாலை மரத்தில் ஒரு கொப்பு முறிந்தால் எங்களுக்கு முன் எழுந்துவிடுவான். அறுவடை முடிந்து வீட்டுக்கு வந்தபின்தான், நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் விலாவைக் கிடத்தி, கால்களை நீட்டி, ஓட்டமும் அனுங்கலுமாகக் கிடப்பான்.

காரணம் இருக்கிறது. கனவுறக்கம் வரும்போது மூளைத்தண்டு உடல் தசைகளைத் தளர்த்தி அடக்கிவைக்கிறது. பிரான்ஸ் நாட்டு உறக்க ஆய்வாளர் மிஷேல் ஜுவே இந்தத் தளர்வைப் பூனைகளில் கண்டு 1959இல் வெளியிட்டார். மூளைத்தண்டில் அந்த அடக்கும் பகுதி பழுதான பூனைகள், உறக்கத்திலேயே எழுந்து இரை பிடிப்பதுபோல் பாய்ந்தன என்பதையும் பின்னர் காட்டினார். நாம் பார்க்கும் கால் துடிப்பு, அந்த அடக்கலையும் மீறிக் கசிகிற சிறு பங்குதான். உடல் முழுதும் தளர்ந்து கிடக்கத் துணியாத இடத்தில் நாய் அந்த உறக்கத்துக்குள் இறங்குவதில்லை என்பது என் எண்ணம். உங்கள் நாய் விறாந்தையில் கால் இழுத்து ஓடுகிறதென்றால், அது உங்களை நம்பிக் கிடக்கிறது.

முல்லைத்தீவிலிருந்து:
நெடுங்கேணி அண்ணை சொன்னதைப் படித்து மகிழ்ந்தேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அப்படிக் கிடக்கும் நாயைக் கையால் தொட்டு எழுப்பாதீர்கள். எங்கள் அக்காவின் மகன் அனுங்கிய நாயைத் தடவப்போய்க் கையில் கடி வாங்கினான். அது கெட்ட நாய் அல்ல. கண் திறந்ததும் யாரென்று தெரியாமல் கடித்துவிட்டது. சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே போதும்.

கிளிநொச்சியிலிருந்து:
எல்லாத் துடிப்பையும் கனவென்று விட்டுவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பக்கத்து வளவில் ஒரு குட்டிக்குக் காய்ச்சலும் மூக்கொழுக்கலும் வந்து தணிந்தன. அதன்பின் ஒரு பின்னங்கால் விட்டுவிட்டுச் சொடுக்கத் தொடங்கியது. உறங்கும்போதும் அதே சொடுக்கு, எழுந்து கஞ்சி குடிக்கும்போதும் அதே சொடுக்கு, மணிக்கூட்டு முள் போல ஒரே சீராக. கனவுத் துடிப்பு அப்படி வராது. ஒழுங்கின்றி வந்து, சிறிது நேரத்தில் ஓய்ந்து, நாய் விழித்ததும் நின்றுவிடும். கால்நடை வைத்தியர் அதை டிஸ்டெம்பர் என்ற, நாய்களுக்கு வரும் வைரஸ் நோய் என்றார். அந்தக் குட்டி தப்பவில்லை. விசர்நாய் நோய்க்குப் போடும் ஊசி இதைத் தடுக்காது. இதற்கென்று தனித் தடுப்பூசி உண்டு. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடவேண்டும்.

ஒட்டுசுட்டானிலிருந்து:
நன்றி அண்ணை. வலிப்பை எப்படிப் பிரித்தறிவது?

கிளிநொச்சியிலிருந்து:
தம்பி, வலிப்பில் உடல் விறைக்கும், பெரும்பாலும் கண் திறந்திருக்கும், வாயில் நுரை தள்ளலாம், சிறுநீர் கழியலாம். கூப்பிட்டால் எழும்பாது, எழும்பினாலும் சிறிது நேரம் ஆளைத் தெரியாமல் தடுமாறும். வயலுக்கு மருந்தடிக்கும் நாட்களில் உடல் நடுங்கி வாய்நீர் வடிந்தால் நஞ்சையும் சந்தேகியுங்கள். அதற்குக் காத்திருக்க நேரமில்லை, உடனே கொண்டு ஓடவேண்டும். மற்றபடி ஐயம் வந்தால் தொலைபேசியில் படம் பிடித்து வைத்தியரிடம் காட்டுங்கள். நாயை மேசையில் ஏற்றினால் அது விழித்துக்கொண்டு நிற்கும். வீட்டில் செய்ததை அங்கே செய்து காட்டாது.